முதல் ஐந்தில் கடன், கடைசி ஐந்தில் வட்டி

அரை மாரத்தானில் கால் தளர்கிற இடம் ஒன்று, தப்பு நடக்கிற இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர் இருக்கும்.

அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிற நம் ஊர் ஓட்டக்காரர்கள் பலருக்கும் இந்தக் கனவு உண்டு. மொத்தத் தூரம் 21.0975 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரே ஒரு விநாடி கூடினாலும் கனவு அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போகும்.

அப்படி ஒருவர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது உடம்பு லேசாக இருக்கிறது. முதல் ஐந்து கிலோமீட்டரை 5:20 வேகத்தில் ஓடிவிடுகிறார். 26 நிமிடம் 40 விநாடி. திட்டப்படி 28:26 ஆகியிருக்க வேண்டும், ஆக ஒன்றே முக்கால் நிமிடம் லாபம். அடுத்த ஏழு கிலோமீட்டர் 5:40 வேகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை வேகம் ஆறு நிமிடத்துக்கு இறங்குகிறது. அப்போதும் அவர் கவலைப்படவில்லை. பதினாறாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது கடிகாரம் 1:30:20 காட்டுகிறது, திட்டத்தைவிட இன்னும் 40 விநாடி முன்னால்தான் இருக்கிறார். மீதி ஐந்து கிலோமீட்டர், கொஞ்சம் சொச்சம். அதை 6:35 வேகத்தில் இழுத்து இழுத்து முடிக்கிறார். முடிவுக்கோட்டில் நேரம் 2:03:54.

பதினாறு வரை ஜெயித்துக்கொண்டே வந்தவர் கடைசி ஐந்தில் மட்டும் நாலரை நிமிடத்தைத் தொலைத்திருக்கிறார்.

மெடலை மாட்டிக்கொண்டு இட்லித் தட்டோடு உட்காரும்போது அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “பதினாறு வரைக்கும் சூப்பரா போச்சு சார், அப்புறம்தான் கால் பிடிச்சுக்கிச்சு” என்பார். எனர்ஜி ஜெல் எடுக்கத் தாமதமானது, வெயில் ஏறியது, சாக்ஸ் புதுசு, முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு என்று காரணங்கள் வரிசையாக வரும். முதல் ஐந்து கிலோமீட்டர் மட்டும் அந்த வரிசையில் வரவே வராது. அன்றைய ஓட்டத்தில் அவருக்குப் பிடித்த பகுதியே அதுதான்!

வேகத்தைப் பங்கிடுவதில் நடக்கும் தப்பின் விசித்திரம் இது. செய்யும்போது சுகமாக இருக்கும். விளைவு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் காரணம் மறந்துபோகும். ‘மெதுவாகத் தொடங்கு’ என்ற அறிவுரையைக் கேட்காத ஓட்டக்காரர் யாரும் கிடையாது. பயிற்சியாளர் சொல்கிறார், வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள், பிப் எண் அட்டை வாங்கப் போன இடத்தில் பக்கத்தில் நின்றவர்கூடச் சொல்கிறார். இருந்தும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அதே கதை. நினைவு நம்மை வலித்த இடத்துக்குத்தான் கூட்டிப்போகும், வலிக்கு விதை போட்ட இடத்துக்குக் கூட்டிப்போகாது. அதனால் இந்தத் தப்பை நினைவிலிருந்து படிக்க முடியாது. எண்களை வைத்துக்கொண்டு பின்னோக்கித்தான் படிக்க வேண்டும்.

பானிஸ்டர் போட்ட சத்தம்

1954 மே 6, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓட ரோஜர் பானிஸ்டர் என்ற மருத்துவ மாணவர் களத்தில் இறங்கினார். முதலில் முன்னால் ஓடி வேகம் அமைத்துக்கொடுக்க வேண்டியவர் கிறிஸ் பிராஷர். முதல் சுற்றிலேயே பானிஸ்டருக்கு வேகம் போதாது என்று பட்டது. இன்னும் வேகமாக ஓடச் சொல்லிப் பின்னாலிருந்து சத்தம் போட்டார். பிராஷர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, தன் வேகத்திலேயே போனார். அந்த முதல் சுற்றை பானிஸ்டர் கடந்த நேரம் 57.5 விநாடி. நான்கு நிமிட மைலுக்குச் சுற்றுக்கு 60 விநாடி போதும். அதாவது தேவைக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருந்தவருக்கு, அது மந்தமாகத் தெரிந்திருக்கிறது. அன்று 3 நிமிடம் 59.4 விநாடியில் அவர் ஓடி முடித்தது வரலாறு. பிராஷர் அந்தச் சத்தத்துக்கு மசிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! பின்னாளில், 1981இல், லண்டன் மாரத்தானைத் தொடங்கிவைத்த இருவரில் ஒருவர் அதே பிராஷர்தான்.

உடம்பைப் பற்றிப் படித்தவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியைக் குறைத்திருப்போம், கால்கள் நன்றாக ஓய்ந்திருக்கும். விடிகாலைக் குளிர், மேடையில் ஜும்பா, காது கிழியும் பாட்டு, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள். அட்ரினலின் உச்சத்தில் இருக்கும். இதற்கு மேல் ஒரு நுட்பமான விஷயமும் உண்டு. ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடங்களில், தசைக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் முழுசாக வந்து சேர்ந்திருக்காது. பற்றாக்குறையைத் தசை தன் கையிருப்பிலிருந்து சமாளிக்கும். மூச்சு வாங்காது, இதயத் துடிப்பும் மெல்லத்தான் மேலே வரும். ‘கஷ்டமே தெரியல, அப்போ சரியான வேகம்தான்’ என்று முதல் கிலோமீட்டரில் எடுக்கும் முடிவு, அளவுகோல் இன்னும் வேலை செய்யத் தொடங்காத நேரத்தில் எடுத்த முடிவு.

நெரிசல் இன்னொரு தொல்லை. தொடக்கத்தில் முன்னால் ஓடுகிறவர்களைத் தாண்ட இடது பக்கம் பாய்ந்து, வலது பக்கம் வளைந்து, நடைமேடை ஏறி இறங்கி, பத்துப் பதினைந்து விநாடியை மிச்சம் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சின்ன ஸ்பிரின்ட். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு முதல் கிலோமீட்டர் ஆறு நிமிடம் ஆனால் பலருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. உண்மையில் அது கூட்டம் செய்த உபகாரம். தொடக்கக் கோட்டை நாம் மிதிக்கும்போதுதான் சிப் நேரம் ஆரம்பிக்கிறது என்பதால், பின்னால் நின்றதற்காக அவசரப்படவும் தேவை இல்லை.

சேமிப்பு என்று பெயர்

‘டைம் பேங்க் பண்ணிக்கலாம்’ என்று ஓட்டக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். தெம்பு இருக்கும்போதே நாலு விநாடி, ஐந்து விநாடி என்று சேர்த்துவைத்துக்கொண்டு, கடைசியில் தளரும்போது எடுத்துச் செலவழிக்கும் யோசனை. ஓட்ட உலகில் இதைவிட விடாப்பிடியான மூடநம்பிக்கையை நான் பார்த்ததில்லை. சேமிப்பு என்று பெயர் வைத்த கடன் இது, அதுவும் கந்துவட்டிக் கடன். மேலே சொன்ன நண்பரின் கணக்கையே எடுங்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை அவர் சேர்த்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு கட்டியது ஐந்தே முக்கால் நிமிடத்துக்கும் மேல்.

இவ்வளவு வட்டி எங்கிருந்து வருகிறது? முழு மாரத்தானில் முப்பது கிலோமீட்டரை ஒட்டி வரும் ‘சுவர்’ பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். உடம்பில் சேர்த்துவைத்த கிளைகோஜன் தீர்ந்துபோகும் நிலை அது. அரை மாரத்தானில் பெரும்பாலும் அதுவல்ல பிரச்சினை. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் என்று கிளைகோஜன் இருக்கிறது, அது ஏறத்தாழ 2,000 கலோரி. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. 65 கிலோ எடை உள்ளவருக்கு 21 கிலோமீட்டருக்கு 1,400 கலோரிக்குள் அடங்கிவிடும். முந்தின நாள் ஒழுங்காகச் சாப்பிட்டவருக்குக் கையிருப்பே போதும். ஜெல் தாமதமானதால்தான் எல்லாம் கெட்டது என்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

கோளாறு வேறிடத்தில். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய ஒரு வேகம் உண்டு. லாக்டேட் த்ரெஷோல்ட் என்று பயிற்சியாளர்கள் சொல்வது அந்த எல்லைக்கோட்டைத்தான். அதற்குக் கீழே ஓடினால் உற்பத்தியாகும் லாக்டேட்டை உடம்பு உடனுக்குடன் எடுத்து எரிபொருளாக்கிக்கொள்ளும். மேலே போனால், விரைவாகச் சுருங்கும் தசைநார்கள் கூடுதலாக வேலைக்கு வரும். அவை கிளைகோஜனை வேகமாக எரிக்கும், சீக்கிரம் களைக்கும். பிறகு வேகத்தைக் குறைத்தாலும் அன்றைக்கு அவை முழுசாகத் தேறிவராது.

இங்கேதான் அரை மாரத்தான் ஆளுக்கு ஆள் வேறு போட்டியாகிறது. எத்தியோப்பியாவின் யோமிஃப் கெஜெல்சா 2024 அக்டோபரில் வலென்சியாவில் 57 நிமிடம் 30 விநாடியில் இந்தத் தூரத்தை ஓடினார். அவரைப் போன்றவர்களுக்கு மொத்தப் போட்டியும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், எல்லைக்கோட்டின் மேலேயே ஓட முடிகிறது. இரண்டு மணி நேரக்காரர் அதைப் போல இரண்டு மடங்கு நேரம் சாலையில் இருக்கிறார். அவர் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தாக வேண்டும். யூடியூபில் முன்னணி வீரர்கள் முதல் கிலோமீட்டரிலிருந்தே பாய்வதைப் பார்த்துவிட்டு அதே மனநிலையில் கிளம்புகிறவர்கள், தாங்கள் ஓடுவது வேறு போட்டி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதையும் எண்ணில் பார்க்கலாம். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட ஒரு சூத்திரத்தை இன்றைக்கும் ஓட்டக் கணக்கிகள் பயன்படுத்துகின்றன. ஒரு தூரத்தில் எடுத்த நேரத்தை வைத்து இன்னொரு தூரத்துக்கான நேரத்தைக் கணிப்பது அதன் வேலை. அதன்படி அரை மாரத்தானை இரண்டு மணியில் முடிக்கிறவர், 10 கிலோமீட்டர் போட்டியை 54 நிமிடம் 23 விநாடியில் முடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 5:26. நம் நண்பர் தொடங்கிய வேகம் 5:20. பத்துக் கிலோமீட்டர் போட்டியில் உயிரைக் கொடுத்து ஓடும் வேகத்தைவிட அதிக வேகத்தில் 21 கிலோமீட்டரைத் தொடங்கியிருக்கிறார். பதினாறு வரை தாங்கியதே அவருடைய பயிற்சிக்குக் கிடைத்த மரியாதை.

நம் ஊர்க் காற்று

பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களில் 2001 முதல் 2010 வரை ஓடி முடித்த ஏறத்தாழ 18 லட்சம் பேரின் நேரங்களை பிரெஞ்சு ஆய்வாளர்கள் அலசி 2012இல் வெளியிட்டார்கள். நல்ல நேரம் கிடைக்க ஏற்ற வெப்பநிலை என்று அதில் தெரியவந்தது, ஓடுகிறவரின் தரத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 4 முதல் 10 டிகிரி செல்சியஸ். நமக்கு அது ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வெப்பநிலை.

சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. ஊரிலேயே மிகவும் குளிர்ந்த மாதம். அப்போதும் விடிகாலையில் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கடற்கரைச் சாலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். வியர்வை சொட்டும், ஆனால் ஆவியாகாது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். குளிர்விக்க வேண்டிய அவசரத்தில் ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்டத் துடிப்பு கூடும். ஒரே வேகத்தில் ஓடினாலும் பத்தாவது கிலோமீட்டரில் இருந்த துடிப்பைவிடப் பதினாறில் பத்துக்கு மேல் கூடியிருப்பது சகஜம்.

ஆகவே வேகம் என்பது ஊரையும் சேர்த்த எண். அரை மாரத்தானில் இந்தியத் தேசிய சாதனையை அவினாஷ் சாப்ளே 2020 நவம்பர் 29 அன்று டெல்லியில் நிகழ்த்தினார், 60 நிமிடம் 30 விநாடி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்காரர், ஸ்டீப்பிள்சேஸில் 2022 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வாங்கியவர். அவருடைய கால்களுக்குத்தான் முதல் பெருமை. ஆனாலும் சமதளமான டெல்லியின் நவம்பர்க் குளிருக்கும் அதில் பங்கு உண்டு. நம் ஆட்களோ பெங்களூரில் எடுத்த நேரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்குகிறார்கள். தொடக்கம் நிதானமாகத்தான் இருந்தது, பிறகும் ஏன் எட்டாவது கிலோமீட்டரிலிருந்தே தேய்ந்தோம் என்று குழம்புகிறவர்கள் முதலில் வானிலையைப் பார்ப்பது நல்லது. அவர்களுடைய தப்பு முதல் கிலோமீட்டரில் நடக்கவில்லை, இலக்கை எழுதிய அன்றைக்கே நடந்துவிட்டது.

ஒன்றை மட்டும் இங்கே விளையாட்டாகச் சொல்ல முடியாது. வெயிலில் ஓடும்போது தலைசுற்றல், குழப்பம், தடுமாற்றம், உடம்பில் சிலிர்ப்பு வந்தால் அது வேகக் கணக்கு இல்லை, வெப்பத் தாக்கின் அறிகுறி. நெஞ்சு வலியும் அப்படித்தான். உடனே நின்றுவிட வேண்டும், மருத்துவ உதவிக் கூடாரத்துக்குப் போக வேண்டும்.

கடிகாரம் சொல்லும் பொய்

கடிகாரத்தை நம்பிக் குழியில் விழுகிறவர்கள் ஒழுங்கான ஆட்கள், அதனாலேயே பாவமாக இருக்கிறது. 5:41 என்று திட்டம் போட்டு, கடிகாரத்தில் 5:41ஐ விடாமல் பிடித்து ஓடி, முடிவில் பார்த்தால் 2:01:20. ஏமாற்றியது யார்?

சாலைப் பந்தயத்தின் தூரத்தை சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சின்னக் கருவியைப் பொருத்தி அளக்கிறார்கள். ஒரு வீரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய தடத்தில், வளைவுகளில் ஓரத்தை ஒட்டி அளப்பார்கள். தூரம் தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நாம் அந்தத் தடத்தில் ஓடுவதில்லை. வளைவில் வெளிப்பக்கம் போகிறோம், தண்ணீர் மேஜைக்காகச் சாலையின் குறுக்கே வெட்டுகிறோம், கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு தாண்டுகிறோம். ஜி.பி.எஸ்.ஸும் மேம்பாலத்தின் அடியிலும் உயரமான கட்டிடங்களுக்கு நடுவிலும் தடுமாறும். கடைசியில் கடிகாரம் 21.35 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. அந்த 21.35ஐ 5:41 வேகத்தில் ஓடினால் 2:01:20தான் வரும். இரண்டு மணிக்குள் வர, கடிகாரத்தில் 5:37 காட்ட வேண்டும். அமைப்பாளர்கள் தூரத்தைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் எழும் சண்டையில் பாதி, இந்தக் கணக்கு தெரியாததால் வருவது. கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது மொத்த நேரத்தைப் பார்ப்பதே மேல். ஐந்துக்கு 28:26, பத்துக்கு 56:53, பதினைந்துக்கு 1:25:19 என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

மேம்பாலம் ஏறும்போதும் இதே கடிகாரம் கெடுக்கும். ஏற்றத்திலும் வேகத்தை விடாமல் பிடிப்பவர்கள் மேலே போய்ச் சேரும்போது இறைக்கிறார்கள். இறக்கம் அதை முழுசாகத் திருப்பித் தராது. ஏற்றத்தில் மூச்சைச் சமமாக வைத்துக்கொண்டு விநாடிகளை விட்டுவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

‘ரொம்ப மெதுவாப் போறோம்’

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக் ஏற்கெனவே 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வாங்கிவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக மாரத்தானில் நிற்கிறார். பக்கத்தில் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ். ஆறு வாரங்களுக்கு முன்தான் 2:20:42 என்ற உலகின் மிகச் சிறந்த நேரத்தை ஓடியவர். பீட்டர்ஸ் பாய்ந்து முன்னேறினார், ஜாடோபெக் போய்ச் சேர்ந்துகொண்டார். பாதி வழிக்கு முன், இந்த வேகம் சரிதானா என்று அனுபவசாலியிடம் அப்பாவியாகக் கேட்டார். ரொம்ப மெதுவாகப் போகிறோம் என்று பதில் சொன்னார் பீட்டர்ஸ், வீம்புக்கு. ஜாடோபெக் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார். பீட்டர்ஸ் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியபின் தசைப்பிடிப்போடு போட்டியிலிருந்து விலகினார். ஜாடோபெக் 2:23:03இல் தங்கம் வாங்கினார்.

வீம்பு என்றதும் இன்னொரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 2011இல் நடந்த 14 மாரத்தான்களில் ஓடிய 90,000க்கும் மேற்பட்டவர்களின் நேரங்களை எடுத்துப் பார்த்தார்கள். முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 சதவீதம் தளர்ந்திருந்தார்கள், பெண்கள் 11.7 சதவீதம். உடற்கூறு காரணமா, மனசு காரணமா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். தன்னைத் தாண்டிப்போன பெண்ணை விடக் கூடாது என்று நாலாவது கிலோமீட்டரில் விரட்டிப்போகிற ஆண்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். எனக்கு அதுவே போதுமான சாட்சி.

இலக்கு நேரம் எழுதிய கொடியோடு ஓடும் பேஸரின் பின்னால் ஓடுவது இதற்கெல்லாம் நல்ல மருந்து. இரண்டு மணி நேர ‘பஸ்’, இரண்டேகால் மணி நேர ‘பஸ்’ என்று நம் ஊரில் செல்லப் பெயரே இருக்கிறது. ஆனால் ஏறுவதற்கு முன் ஓட்டுநரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஒரே வேகமா, முன்னாலேயே சேர்த்துவைக்கிற திட்டமா? சில பேஸர்கள், தண்ணீருக்கு நிற்கும் நேரத்துக்காக என்று, தொடக்கத்தில் பத்து விநாடி வேகமாகவே இழுத்துப்போகிறார்கள். அந்தக் கொடியைக் கொஞ்சம் முன்னால் போகவிட்டு, எட்டாவது, பத்தாவது கிலோமீட்டரில் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும்.

ஸ்ப்ளிட்டைப் பின்னோக்கிப் படித்தல்

போட்டி முடிந்து இரண்டு நாள் கழித்து, கால் வலியும் ஆற்றாமையும் அடங்கியபின், முடிவுப் பக்கத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டுகளை, அதாவது பகுதி பகுதியான நேரங்களை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கடிகாரம் தந்த எண்கள் இருந்தால் இன்னும் நல்லது. கடைசியிலிருந்து முதலை நோக்கிப் பாருங்கள். வேகம் உடைந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அதற்கு முந்தைய பகுதியில் எந்த எண் திட்டத்தைவிட வேகமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பதினாலு பதினாறில் திடீரென்று சரிந்து, முதல் ஐந்து கிலோமீட்டர் திட்டத்தைவிட வேகமாக இருந்தால் விசாரணையே தேவையில்லை. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்து, எட்டு ஒன்பதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தால் வெயில், அல்லது தகுதிக்கு மீறிய இலக்கு. சில ஸ்ப்ளிட்டுகள் ஏறி இறங்கி ரம்பப் பல்லாக இருக்கும். தண்ணீர் மேஜையில் இருபது விநாடி நின்று, அதை அடுத்த முந்நூறு மீட்டரிலேயே மீட்கப் பாய்கிறவர்கள் அவர்கள். இழந்த இருபது விநாடியை மூன்று நான்கு கிலோமீட்டருக்குப் பரப்பினால் யாருக்கும் வலிக்காது.

யாரும் பேசாத வகை ஒன்று உண்டு. முதல் பத்துக் கிலோமீட்டர் கச்சிதம். கடைசி இரண்டு கிலோமீட்டர் அபாரம். நடுவில் பதினொன்றிலிருந்து பதினைந்து வரை மட்டும் கிலோமீட்டருக்குப் பத்து, பதினைந்து விநாடி காணாமல் போயிருக்கும். உடம்பு இதைச் செய்யவில்லை. கடைசியில் அவ்வளவு வேகம் மிச்சம் இருந்ததே அதற்குச் சாட்சி. தொடக்கப் பரபரப்பு அடங்கிவிட்டது, முடிவு இன்னும் கண்ணில் படவில்லை, வேடிக்கை பார்க்க ஆட்களும் இல்லை, வீட்டில் கேஸ் அணைத்தோமா என்று மனசு அலையும் இடம் அது. அந்த ஐந்து கிலோமீட்டரில் ஒரு நிமிடம் போனதே தெரியாமல், ‘இன்னும் பயிற்சி பத்தவில்லை’ என்று அடுத்த மாதம் கூடுதல் தூரம் ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கூடுதல் கிலோமீட்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில் நடு ஐந்து கிலோமீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடிப் பழகுவதும், போட்டியன்று பதினொன்றாவது பலகையில் கொஞ்சம் விழித்துக்கொள்வதும்தான்.

இனி, அடக்கித் தொடங்கியவரின் ஸ்ப்ளிட் ஒன்று. 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோ மாரத்தானில் 2:00:35 என்ற உலக சாதனையை நிகழ்த்திய கென்யாவின் கெல்வின் கிப்டும், முதல் பாதியை 60:48இலும் இரண்டாம் பாதியை 59:47இலும் ஓடினார். மேலே சொன்ன சாப்ளேயின் சாதனையைவிட வேகமான அரை மாரத்தானை, ஏற்கெனவே ஒரு அரை மாரத்தான் ஓடிய கால்களோடு! நான்கு மாதங்களில் ஒரு கார் விபத்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருக்கு முன் சாதனையை வைத்திருந்த எலியுட் கிப்சோகே, 2022 பெர்லினில் முதல் பாதியை 59:51இல் ஓடிவிட்டு, இரண்டாம் பாதிக்கு 61:18 எடுத்துக்கொண்டார். அதுவும் அன்றைக்கு உலக சாதனைதான்.

கிப்டுமின் கணக்கை இரண்டு மணி நேர அரை மாரத்தானுக்குச் சுருக்கினால் இப்படி வரும்: முதல் மூன்று கிலோமீட்டர் 5:50, அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டர் 5:41, மீதி ஆறு கிலோமீட்டர் சொச்சம் 5:37. மிக மெதுவான பகுதிக்கும் மிக வேகமான பகுதிக்கும் 13 விநாடிதான் வித்தியாசம். எழுதும்போது ஒன்றுமில்லாததாகத் தெரியும். போட்டியன்று முதல் மூன்று கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கானவர்கள் தாண்டிப் போவார்கள், தெரிந்த முகங்களும் போகும். அதைப் பார்த்துக்கொண்டு 5:50இல் இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வாராந்திர ஓட்டத்தில் முதல் மூன்று கிலோமீட்டரை வேண்டுமென்றே அடக்கி ஓடி, கடைசி ஐந்தைப் போட்டி வேகத்தில் முடிப்பதுதான் அந்தப் பயிற்சி. குழுவில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சிலர் இந்தப் பாடத்தை அளவுக்கு மீறிப் படித்துவிடுகிறார்கள். ஒருமுறை பதினாறில் உடைந்த பயத்தில், அடுத்த போட்டியில் பதினெட்டு வரை ஆறு நிமிட வேகத்திலேயே போய், கடைசிக் கிலோமீட்டரை 4:50இல் பறந்து முடித்து, புகைப்படத்தில் சிரிக்கிறார்கள். படம் நன்றாக இருக்கும், நேரம் இருக்காது. கடைசிக் கிலோமீட்டர் மற்றவற்றைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாக இருந்தால் அதுவும் பங்கீட்டுத் தப்புதான், வலிக்காத தப்பு என்பதால் யாரும் திருத்துவதில்லை. இவர்கள் அடுத்த போட்டியில் ஐந்தாவது கிலோமீட்டரிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டரையும் நாலைந்து விநாடி வேகமாக ஓடிப் பார்க்கலாம். இருபது விநாடி வேகமாக ஓடக் கூடாது, ஓடினால் மறுபடியும் பதினாறில்தான் போய் நிற்பார்கள்.